உயில் இல்லாமல் அப்பா இறந்துவிட்டால்: வாசகர்களின் பங்குக் கேள்விகள்

எனக்கு 1985-ல் திருமணம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை விட்டுவிட்டு, உயில் எழுதாமல் 2019-ல் இறந்துவிட்டார். அம்மாவும் இரண்டு தம்பிகளும் இருக்கிறார்கள். பாட்டி முன்பே காலமாகிவிட்டார். "1989-க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது, நகை போட்டதோடு சரி" என்கிறார்கள் தம்பிகள். உண்மையா?

இல்லை அம்மா. உங்களுக்கு நாலில் ஒரு பங்கு உண்டு.

தம்பிகள் சொல்வது தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தை. அது பூர்வீகச் சொத்தைப் பற்றியது. அப்பா சுயமாக வாங்கிய வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. கல்யாணத்துக்குப் போட்ட நகையைப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடம் இல்லை.

பூர்வீகச் சொத்தாகவே இருந்தாலும், அதே சட்டத்தில் 2005-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மகளின் திருமணத் தேதி தடையில்லை. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரப்பதிவு செய்தோ நீதிமன்றத் தீர்ப்பிலோ பாகம் பிரித்திருந்தால்தான் அதைக் கலைக்க முடியாது.

முதலில் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, வீட்டுக்கு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரத்தின் நகல் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். தம்பிகள் பெயரில் பட்டா மாறியிருந்தால் பயப்படாதீர்கள், பட்டா மட்டும் உரிமையைத் தராது. அப்புறம் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மசியவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்கு. உங்கள் உரிமையை அவர்கள் வெளிப்படையாக மறுத்துவிட்டதால் 12 ஆண்டுக் காலவரம்பு குறுக்கே வரலாம், தள்ளிப்போடாதீர்கள். கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்று எழுதியிருந்தீர்கள். உங்களுடையதைத்தான் கேட்கிறீர்கள், அதில் குற்றவுணர்வு வேண்டாம்.

பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து போதும், ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வா என்று அண்ணன் கூப்பிடுகிறார். போகலாமா?

பத்திரத்தின் வரைவை முன்கூட்டியே வாங்கிப் படிக்காமல் போகாதீர்கள். பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ்தான், பத்திரப்பதிவு அலுவலகத்தில் அதற்கு என்ன வேலை? பெரும்பாலும் அது விடுதலைப் பத்திரமாக இருக்கும். "எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லை" என்று ஒரு வரி வரும், அதோடு உங்கள் பங்கு போய்விடும். மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. ஏமாந்து போட்டிருந்தால் ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் மோசடி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், நிரூபிப்பதும் பெரும்பாடு. இப்படிக் கையெழுத்து போட்டுவிட்டுக் கண்ணீரோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் மகன் விபத்தில் போய்விட்டான். மருமகளும் பேத்தியும் இருக்கிறார்கள். அவன் வாங்கிய மனையில் எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு. தாய், மனைவி, மகள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. தாய்க்கு உள்ள இடம் தகப்பனுக்கு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பேத்தி மைனர் என்றால் அவள் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. மருமகளோடு உட்கார்ந்து பேசுங்கள், அவளும் இழந்தவள்தான்.

தாத்தா சம்பாதித்த நிலம். அவர் 1994-ல் இறந்த பிறகு அப்பாவுக்கு வந்தது. அப்பா விற்கப் பார்க்கிறார். பேரன் நான் தடுக்க முடியுமா?

முடியாது. தாத்தாவின் சுய சம்பாத்தியம் 1956-க்குப் பிறகு வாரிசாக அப்பாவுக்கு வந்தால், அது அப்பாவின் தனிச் சொத்து.

நாங்கள் கிறிஸ்தவர்கள். கணக்கு மாறுமா?

மாறும். 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்குப் பங்கு வராது.