நெஞ்சு நிறைஞ்சா சிறுநீரகத்துக்கு எப்படித் தெரியும்? (கேள்வி பதில்)

உடற்றொழிலியல் படிப்பிக்கிறேன். போன கிழமை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

வாழைச்சேனை, மீன்பிடி: சேர், வாவிக்குள்ள கழுத்தளவு தண்ணியில நிண்டா கொஞ்ச நேரத்தில சலம் முட்டுது. குளிராலயா?

குளிரும் ஒரு காரணம் தம்பி. ஆனா வெதுவெதுப்பான தண்ணியிலயும் முட்டும். தண்ணீரின் அமுக்கம் காலிலும் வயிற்றிலும் தங்கியிருந்த இரத்தத்தில் ஏறத்தாழ 700 மில்லிலீற்றரை நெஞ்சுக்குத் தள்ளுது. இரத்தம் வந்து சேரும் இதய மேலறையான சோணையறையின் சுவர் விரியும். அங்குள்ள நரம்பு நுனிகள் அதை உணர்ந்து, வேகசு நரம்பு வழியாக மூளையின் அடிப்பகுதிக்குச் சொல்லும். உடனே சிறுநீரகத்துக்குப் போகும் பரிவு நரம்பு (உடம்பை உசுப்பிவிடும் நரம்பு) அடங்கும். உடம்பில் உப்பைப் பிடிச்சு வைக்கச் செய்யும் ரெனின் என்ற சுரப்பு குறையும், உப்பும் நீரும் வெளியேறும். 1956இல் ஆய்வாளர்கள் ஹென்றியும் காவரும் நாயின் இடது சோணையறைக்குள் பலூனை ஊதியபோதும் சிறுநீர் கூடியது.

கல்லடி, உயர்தர மாணவி: பரிவு நரம்பு அடங்கினா இதயத்துடிப்பும் குறையத்தானே வேணும்? பெயின்பிரிட்ஜ் கூடும் எண்டல்லோ சொன்னவர்?

மகள், எனக்கு மிகவும் பிடிச்ச இடம் இதுதான். 1915இல் உடற்றொழிலியலாளர் பெயின்பிரிட்ஜ் நாய்களின் நாளத்துக்குள் திரவம் ஏற்ற, துடிப்பு கூடியது. சோணையறை விரியும்போது இதயத்துக்கான பரிவு நரம்பு எழும்பும், சிறுநீரகத்துக்கானது அடங்கும். உன்னிச்சைக் குளத்தில் ஒரு கதவைத் திறந்து மற்றதைச் சாத்துவதுபோல. வந்து சேர்ந்த இரத்தத்தை இதயம் தள்ளிவிட வேணும், மிஞ்சியதைச் சிறுநீரகம் கழிக்க வேணும். பரிவுத் தொகுதி முழுக்க ஒன்றாகவே எழும்பும் என்று எழுதினால் பிழை. மனிதரில் இந்தத் துடிப்பேற்றம் சிறிது. நாடியில் அமுக்கம் ஏறினால் கழுத்து நாடியின் உணரிகள் துடிப்பைத் தணிக்கும். அதனால்தான் வாவியில் நிற்கிறவருக்கு நெஞ்சு படபடப்பதில்லை.

அக்கரைப்பற்று: அம்மாவுக்கு இதயம் வீங்கி விரிஞ்சிருக்காம். அப்ப சலம் கூடப் போகணுமே, கால் ஏன் வீங்குது?

நீண்டகாலம் இழுபட்ட உணரிகள் மழுங்கிப்போகும் தங்கச்சி. இதயம் நிறைஞ்சிருந்தும் செய்தி போகாது. சிறுநீரகத்துக்கான பரிவு நரம்பு அடங்காமல் எழும்பியே இருக்கும், ரெனின் ஏறும், உடம்பு உப்பைப் பிடிச்சு வைக்கும். வீக்கம் வத்திட்டுது எண்டு சலம் போகத் தரும் தண்ணிக் குளுசையை நீங்களா நிப்பாட்டாதீங்க. காலையில் நிறை பாருங்க. மூன்று நாளில் 2 கிலோ கூடினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீங்க. உப்புக் கூடிய கருவாடு வேண்டாம்.

காத்தான்குடி: மாற்றிய சிறுநீரகத்துக்கு நரம்பு இல்லையே?

அறுபட்டுத்தான் வருது, ஆனாலும் சலம் பிரியும். விரிந்த சோணையறை நரம்பை மட்டும் நம்பியில்லை. உப்பை வெளியேற்றும் ஓமோன் ஒன்றையும் இரத்தத்தில் விடும். 1981இல் ஆய்வாளர் டி போல்ட் கண்டது அதைத்தான்.