கதவைச் சாத்துவதும் ஒரு சம்பிரதாயம்: பிரிட்டிஷ் முடியாட்சி கேள்வி பதில்

கே: நாடாளுமன்றத் தொடக்க விழாவில் ஒருவர் வரும்போது முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்துகிறார்களே, ஏன் சார்?

அவர் 'பிளாக் ராட்', மன்னரின் தூதர். மன்னர் பிரபுக்கள் சபையில் அமர்ந்ததும், மக்கள் சபை உறுப்பினர்களை அழைத்துவரப் போவார். வாசலை நெருங்கும்போது கதவை டமாலென்று சாத்திவிடுவார்கள். கையிலுள்ள கறுப்புக் கோலால் மூன்று முறை தட்டினால்தான் திறக்கும்.

பழைய பகைதான் காரணம். 1642 ஜனவரி 4 அன்று, முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதம் ஏந்திய ஆட்களோடு மக்கள் சபைக்கே வந்துவிட்டார். ஐவரும் அதற்குள் நழுவிவிட்டார்கள். எங்கே என்று கேட்டால், சபாநாயகர் லென்தால் மண்டியிட்டபடியே, சபை ஆணையிடாமல் பார்க்கத் தனக்குக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்றார். ஏழு ஆண்டு கழித்து மன்னரின் தலையே போயிற்று. சபை நடக்கும்போது மன்னர் உள்ளே நுழைவதில்லை என்பது அன்று தொட்டு வரும் வழக்கம்.

இன்னொன்று: மன்னர் பத்திரமாகத் திரும்பும்வரை ஒரு எம்.பி.யை பக்கிங்ஹாம் அரண்மனையில் பிணையாக வைத்திருப்பார்கள். பாவம், அவர் அன்றைய விழாவுக்குப் போக முடியாது.

கே: மன்னர் நினைத்தால் ஒரு சட்டத்தைத் தடுக்கலாமா?

ஏட்டளவில் முடியும். கடைசியாகத் தடுத்தது 1708இல் ராணி ஆன். ஸ்காட்லாந்துப் படை தொடர்பான மசோதா அது. அதையும் அமைச்சர்கள் சொல்லித்தான் செய்தார். தொடக்க விழாவில் மன்னர் "என் அரசு" என்று வாசிக்கிறாரே, அந்த உரையையும் எழுதித் தருவது ஆட்சியிலிருக்கும் கட்சிதான்.

கே: முடிசூட்டு நகைகள் எல்லாம் ஆயிரம் ஆண்டுப் பழமையா, அண்ணா?

இல்லை. 1649இல் முடியாட்சியை ஒழித்தவர்கள் பெரும்பாலானவற்றை உருக்கியோ விற்றோ தீர்த்துவிட்டார்கள். இன்றைய புனித எட்வர்ட் கிரீடம் 1661இல் செய்தது. எடை இரண்டு கிலோவுக்கு மேல். தப்பிப் பிழைத்த சிலவற்றில் ஒன்று பன்னிரண்டாம் நூற்றாண்டு வெள்ளிக் கரண்டி. அரண்மனைப் பணியாளர் ஒருவர் 16 ஷில்லிங்குக்கு வாங்கி வைத்திருந்து, முடியாட்சி மீண்டதும் இரண்டாம் சார்லஸிடம் திருப்பிக் கொடுத்தார்.

என்னைக் கேட்டால், வைரங்களைவிட அந்தக் கரண்டிதான் பெரிய பொருள். அபிஷேகத் தைலத்தை அதில் ஊற்றித்தான் மன்னருக்குப் பூசுகிறார்கள். 2023 மே 6 அன்று இப்போதைய மன்னர் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவிலும் அப்படித்தான், திரை மறைவில். அதை மட்டும் டிவியில் காட்டவில்லை.

கே: கோஹினூர் அந்த விழாவில் இருந்ததா?

இல்லை. 1849இல் பஞ்சாபைப் பிடித்ததும் கம்பெனி போட்ட லாகூர் உடன்படிக்கையில், வைரத்தை விக்டோரியாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றே எழுதியிருந்தது. கையெழுத்திட்ட மகாராஜா துலீப் சிங்குக்கு அப்போது வயது பத்து! அதற்குப் பெயர் உடன்படிக்கையாம். 1937இல் ராணி எலிசபெத்துக்காக (இரண்டாம் எலிசபெத்தின் தாயார்) செய்த கிரீடத்தில் பதித்தார்கள். 2023இல் சார்லஸின் மனைவி கமிலா அதை விட்டுவிட்டு ராணி மேரியின் கிரீடத்தைச் சூடினார்.

கே: மூத்தவள் பெண்ணாக இருந்தால் பட்டம் தம்பிக்குத்தானா?

முன்பு அப்படித்தான். 2013இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். 2011 அக்டோபர் 28க்குப் பின் பிறந்தவர்களுக்கு ஆண், பெண் பேதமில்லை. அதனால்தான் இளவரசி சார்லட் தம்பி லூயிக்கு முன்னால் நிற்கிறார்.

கே: மன்னருக்கு இரண்டு பிறந்தநாளாமே?

ஆமாம். சார்லஸ் பிறந்தது நவம்பர் 14. ஆனால் அணிவகுப்பு ஜூனில். நவம்பர் லண்டன் மழையில் யார் குதிரையேறுவது?