கேக், அவுட்டிங் எல்லாம் செய்தும் டீமில் ஒட்டுதல் இல்லை, மேனேஜர் என்ன செய்வது?

கேக், டீம் லஞ்ச் எல்லாம் நல்லதுதான், ஆனால் பத்து பேர் நடுவில் யாரும் தன் மனக்குறையைச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரோடும் தனியாகப் பேச காலண்டரில் நிரந்தரமாக ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

கம்ப்யூட்டர் சிப் நிறுவனமான இன்டெல்லை நடத்திய ஆண்டி குரோவ் இதில் ரொம்பக் கறாராக இருந்தார். அந்தச் சந்திப்பு ஊழியருடையது, எதைப் பேசுவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டும், இல்லாவிட்டால் சிக்கலான விஷயத்தை யாரும் எடுக்கவே மாட்டார்கள் என்பது அவர் வாதம். வேலைக்குப் புதியவர் என்றால் வாரம் ஒருமுறை, அனுபவசாலி என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை போதும்.

பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? உட்கார்ந்ததுமே "அந்த வேலை என்னாச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் காலை மீட்டிங்கில் கேட்டுக்கொள்ளலாம். இங்கே லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, "இந்த வாரம் எந்த வேலை உங்களை ரொம்பப் படுத்தியது?" என்று கேட்டு, அவர் பேசும்வரை பொறுமையாக இருங்கள். முதல் சில தடவை "எல்லாம் ஓகே சார்" என்றுதான் பதில் வரும், பரவாயில்லை, விடாதீர்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒருவர் சொன்னால் அதைக் குறித்து வைத்து, அடுத்த முறை நீங்களே முதலில் விசாரியுங்கள்; ஆனால் வீட்டு விஷயத்தைத் தோண்டித் துருவ வேண்டாம், அவர்களாகச் சொன்னது போதும்.

அப்புறம், வேலை நெருக்கடி என்று இந்தச் சந்திப்பை ரத்து செய்யாதீர்கள். தள்ளி வைப்பதென்றால் அதே வாரத்துக்குள் வேறு நேரம் கொடுத்துவிடுங்கள்.