முதல் குளிர்காலத்தில் அந்த முடிவை எடுக்காதே

"ஆகஸ்டில் ஜெர்மனிக்கு வந்தேன் அக்கா. மதுரையில் ஐசியூவில் இருந்தவள், இங்கே தாத்தா பாட்டிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன். வார்டு, மொழி வகுப்பு, கட்டுக்கட்டாக லெட்டர், ஊரில் கடன்... தலை வெடிக்கிறது. திரும்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டதால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

குளிப்பாட்டும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், நம் பெண்களை அதிகம் நோகடிப்பது அதுதான். நம்மூரில் நோயாளிக்குத் துணையாக ஒரு சொந்தக்காரர் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருப்பார், துடைப்பதும் ஊட்டுவதும் அவர் பொறுப்பு. இங்கே அந்த வழக்கம் கிடையாது, அதனால் முறையாகப் படித்து வந்த ஜெர்மன் நர்சும் காலையில் அதே வேலையைத்தான் செய்கிறாள். உன்னை மட்டம் தட்டுவதற்காக யாரும் கொடுத்த வேலை இல்லை. ஆனால் நம் நர்சிங் படிப்பை இங்கே ஏற்றுக்கொள்ளும் அங்கீகாரப் பத்திரம் கைக்கு வரும்வரை உதவியாளர் பதவியில்தான் வைத்திருப்பார்கள், தெரிந்த வேலையையே செய்ய விடமாட்டார்கள், அது உறுத்தத்தான் செய்யும்.

உண்மையில் ஆளைச் சாய்ப்பது வார்டு மொழி. பி1, பி2 என்ற நிலைகளுக்கான மொழி வகுப்பில் சொல்லித்தருகிற ஜெர்மன் வேறு, காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது மூச்சு விடாமல் ஒப்பிக்கிற ஜெர்மன் வேறு. சார்ட்டில் ஆர்.ஆர். என்று இருந்தால் நாம் சுவாச வேகம் என்று நினைப்போம், இங்கே அது ரத்த அழுத்தம் (ரிவா-ரோச்சி என்ற இத்தாலிய மருத்துவர் பெயரின் முதலெழுத்துகள்). இப்படி ஒரு நாளைக்குப் பத்து வந்தால் எவ்வளவு அனுபவம் உள்ள நர்சுக்கும் தன்மேல் சந்தேகம் வரும். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொள், இந்தச் சுருக்கங்களை மட்டும் எழுது. வார்டு போன் அடித்தால் ஓடி ஒளியாதே, "ஐனென் மொமென்ட் பிட்டே, இஷ் ஹோலெ மைனெ கொலேகின்", ஒரு நிமிடம், சக நர்சைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி ரிசீவரைக் கொடுத்துவிடு. அந்த ஒரு வாக்கியம் போதும், பயம் பாதி குறையும்.

மற்றபடி, கேஷுவால்டியில் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்கத் தெரிந்தவள் நீ, அதையே இங்கேயும் செய். முதலில் தபால். மஞ்சள் உறையில் வருகிற அரசுக் கடிதத்தைத் தள்ளிப்போடாதே, உறையையும் தூக்கி எறியாதே, தபால்காரர் அதில் எழுதுகிற தேதியிலிருந்துதான் கெடு ஓடும். பெரும்பாலான அரசு முடிவுகளை எதிர்த்து எழுத ஒரு மாதம்தான் அவகாசம். படித்துப் புரியாவிட்டால் காரித்தாஸ், ஆவோ போன்ற அமைப்புகள் நடத்தும் குடியேறியோர் ஆலோசனை மையத்துக்கு எடுத்துக்கொண்டு போ, காசு வாங்கமாட்டார்கள்.

அடுத்து அங்கீகாரம். அதற்குத் தேர்வு எழுதுவதா, பயிற்சிக் காலம் முடிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உனக்கு இருக்கிறது. முதலாளி சொன்னார் என்பதற்காகத் தலையாட்டிவிடாதே. தேர்வில் தவறினாலும் ஒருமுறை திரும்ப எழுதலாம். இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் இந்தக் குளிர்காலத்தில் உருப்படியாக நடக்க வேண்டாம். சமையல், வீட்டு அலங்காரம், புதுச் சிநேகிதம் எல்லாம் அரைகுறையாக இருக்கட்டும், தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டு யாரும் செத்ததில்லை.

வீட்டுக்குத் தினமும் வீடியோ கால் போட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? குளிர்காலத்தில் நாலரை மணிநேர வித்தியாசம், பின்மாலை ஷிஃப்ட் முடிந்து நீ வரும்போது ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள், எப்படியும் அன்று கடைகள் மூடித்தான் கிடக்கும். அம்மா முதல் வாரம் மூக்கைச் சிந்துவார், அப்புறம் பழகிவிடுவார்.

தூக்கமே வரவில்லை, வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அழுகை என்றால் டாக்டரிடம் போ. வேலையில் சேர்ந்து நான்கு வாரம் தாண்டிவிட்டால் மருத்துவச் சான்றோடு எடுக்கும் விடுப்புக்கு ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் உண்டு. வீம்புக்கு இழுத்துக்கொண்டு போகாதே.

திரும்புவது தோல்வி என்று நான் சொல்லமாட்டேன், திரும்பிப் போய் நன்றாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் டிசம்பரில், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊரில், ராத்திரி ஷிஃப்ட் முடித்த கையோடு அதை முடிவு செய்யாதே. ஏப்ரல் வரட்டும். அப்போதும் போகத்தான் தோன்றினால், ராஜினாமா கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் முதலாளி உனக்காகச் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் ஷரத்து இருக்கிறதா என்று பார். இருந்தால், வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கு வேலைச் சட்டம் சொல்லித்தரும் ஃபேர் இன்டக்ரேஷன் ஆலோசனையில் காட்டு, அதுவும் இலவசம்தான். எழுதியிருப்பதாலேயே எல்லா ஷரத்தும் செல்லுபடியாகிவிடாது, விசாவும் இந்த வேலையோடுதான் கட்டிக் கிடக்கிறது, அதனால் கேட்டுவிட்டு ராஜினாமாவில் கையெழுத்துப் போடு.