வர்க்கங்களின் கூட்டல்: கேள்வி பதில்

தேவகோட்டை: எந்த முழு எண்ணையும் வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாமா சார்?

எழுதலாம், நான்கே வர்க்கங்கள் போதும். கணிதவியலாளர் லக்ராஞ்ச் 1770-இல் நிரூபித்தார். 0-வும் வர்க்கம்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆத்தங்குடி: 28 கல் மிச்சம் இருக்கு. மூணு சதுரமாப் பரப்ப முடியலையே?

முடியாது. எந்த வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே. இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. அதனால் 7, 15, 23 எல்லாவற்றுக்கும் நான்கு வேண்டும். 28 என்பது 4×7. மூன்று வர்க்கங்களின் கூட்டல் 4-ஆல் வகுபட்டால் மூன்றுமே இரட்டை எண்களின் வர்க்கங்களாக இருக்கும். 4-ஆல் வகுத்தால் 7-ஏ மூன்று வர்க்கங்களாகிவிடும், அது நடக்காது. 25+1+1+1 என்று நான்காகப் பரப்புங்கள்.

பள்ளத்தூர்: 2026-ஐ இரண்டு வர்க்கமா எழுத முடியுமா தம்பி?

முடியும் ஆச்சி. 45²+1². 2026-இல் பாதி 1013, ஒரு பகா எண். 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட ஒவ்வொரு பகா எண்ணும் இரண்டு வர்க்கங்களின் கூட்டல் என்று ஃபெர்மா சொன்னார், ஆய்லர் நிரூபித்தார். 1013 = 23²+22². இரட்டிப்பாக்கினால் 23+22, 23−22 ஆகியவற்றின் வர்க்கங்கள் வரும்: 45², 1².

புதுவயல்: 15-க்கு மூன்று போதுமா?

மீதி 7. ஆத்தங்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோட்டையூர்: 39-க்கு?

அதே மீதி, அதே பதில். 8-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

காரைக்குடி: நாலு வர்க்கம் போதும்னு லட்சம் வரை கம்ப்யூட்டரில் பார்த்துட்டேன். நிரூபணம் எதுக்கு?

சோதித்துப் பார்த்தது நிரூபணம் ஆகாது. x, y, z, w-க்கு முழு எண்களை வைத்தால் x²+2y²+5z²+5w² எல்லா எண்களையும் தரும் என்று 1917-இல் ராமானுஜன் தம் பட்டியலில் சேர்த்தார். 1 முதல் 14 வரை வரும், 15 வராது.

காரைக்குடி: 15 சின்ன எண். லட்சம் தாண்டியுமா தவறும்?

தவறும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பகாக் காரணிகள் கொண்ட எண்கள் (12 = 2×2×3 என்றால் மூன்று காரணிகள்) 1-ஐத் தாண்டி எந்த எல்லை வரை எண்ணினாலும் பாதிக்குக் குறையாது என்றார் கணிதவியலாளர் போல்யா. அது முதலில் உடையும் இடம் 906150257, தொண்ணூறு கோடிக்கு மேல்! உங்கள் லட்சத்தில் அது தெரியவே தெரியாது. நிரூபணத்தைப் படியுங்கள் தம்பி, அதில்தான் காரணம் இருக்கிறது.

கானாடுகாத்தான்: இதில் நம்ம பக்கத்துக்குப் பங்கு உண்டா?

நன்றாகவே உண்டு. உங்கள் ஊர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தில்தான் கணிதவியலாளர் எஸ்.எஸ். பிள்ளை பணியாற்றினார். வர்க்கங்களுக்குப் பதில் 1⁶, 2⁶, 3⁶ போன்ற ஆறாம் அடுக்குகளைக் கூட்டினால் எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று 1940-இல் நிரூபித்தார் அவர்.