தொட்டி வாங்கும் முன் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள்
(வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்)

வீட்டில் சுடுநீர்த் தொட்டி, அதாவது ஹாட் டப், வைப்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவர்கள் தொட்டியை வாங்கிவிட்ட பிறகுதான் கரண்ட் பற்றி யோசிக்கிறார்கள். இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கணக்குகளை 230 வோல்ட்டுக்குப் போட்டிருக்கிறேன். 120 வோல்ட் உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று சாதாரண பிளக்கில் சொருகினால் போதுமாம். இன்னொன்றுக்கு 32 ஆம்ப்ஸ் தனி லைன் வேண்டுமாம். இரண்டிலும் நாலு பேர் உட்காரலாம். எதை வாங்குவது?

வாங்கும் முன் கேட்டீர்களே, நல்லது. எத்தனை பேர் உட்காரலாம் என்பதை விட்டுவிட்டு, தொட்டியின் பெயர்ப்பலகையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை லிட்டர், ஹீட்டர் எத்தனை கிலோவாட்.

1000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1.16 யூனிட் மின்சாரம் தேவை. உங்கள் தொட்டி 1200 லிட்டர், குழாய்த் தண்ணீர் 25 டிகிரி, உங்களுக்கு வேண்டியது 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 18 யூனிட் ஆகிறது. 2 கிலோவாட் ஹீட்டர் என்றால் 9 மணி நேரம், 3 கிலோவாட் என்றால் 6 மணி நேரம். காற்றில் போகும் சூடு இதற்கு மேல். இது முதல் நாள் கணக்குதான். மூடியைச் சரியாக மூடி வைத்தால் மறுநாள் ஒன்றிரண்டு டிகிரி ஏற்றினாலே போதும். எனவே மெதுவாகச் சூடாவது ஒரு பெரிய குறையே இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பிளக் வகைத் தொட்டிகளுக்குக் கிடைப்பது 13 அல்லது 16 ஆம்ப்ஸ்தான். 3 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே 13 ஆம்ப்ஸைக் குடித்துவிடும். ஜெட் பம்ப்பை வேகமாக ஓட விட்டால் அதற்கும் கரண்ட் வேண்டுமே? அதனால் பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது கண்ட்ரோல் போர்டு ஹீட்டரை நிறுத்திவிடும். நீங்கள் மூடியைத் திறந்து, ஜெட் போட்டு, காற்றில் சூடு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் ஹீட்டர் ஓய்வெடுக்கும். இதை விற்பவர்கள் தாங்களாகச் சொல்வது அபூர்வம். 32 ஆம்ப்ஸ் தொட்டியில் பொதுவாக இரண்டும் சேர்ந்தே ஓடும்.

ஆக, இரண்டு பேர் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர்கள் என்றால் பிளக் வகை தாராளமாகப் போதும். குளிரான இடம், ஒருவர் மாற்றி ஒருவர் இறங்குவார்கள், ஜெட் நிற்கவே கூடாது என்றால் 32 ஆம்ப்ஸ்.

ஆனால் உங்கள் வீடு அதைத் தாங்குமா? மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். ஒரே பேஸ், மெயின் 40 ஆம்ப்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப்ஸ். 2 கிலோவாட் கீஸர் 9 ஆம்ப்ஸ், ஒன்றரைக் கிலோவாட் ஏசி இரண்டு சேர்ந்து 13, இண்டக்‌ஷன் அடுப்பு 9. இதுவே 31 ஆகிவிட்டது. எல்லாம் ஓடுவதும் சாயங்காலம்தான், நீங்கள் தொட்டியில் இறங்குவதும் சாயங்காலம்தான். மீதி 9 ஆம்ப்ஸை வைத்துக்கொண்டு 32 ஆம்ப்ஸ் தொட்டியை எப்படி ஓட்டுவது? முதலில் மின் நிறுவனத்திடம் லோடை உயர்த்தக் கேட்க வேண்டும். மூன்று பேஸ் இணைப்பு இருந்தால் வேலை சுலபம். லோடைப் பேஸ்களுக்குப் பிரித்து வாங்கிக்கொள்ளும் தொட்டிகளும் இருக்கின்றன.

இன்னொன்று. பல தொட்டிகளின் கண்ட்ரோல் போர்டில் ஒரு சின்ன ஜம்பர் அல்லது டிப் சுவிட்ச் இருக்கும். அதை மாற்றினால் அதே தொட்டி 16 ஆம்ப்ஸிலும் ஓடும், 32 ஆம்ப்ஸிலும் ஓடும். அப்படிப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை. இப்போதைக்கு 16-ல் ஓட்டலாம். ஆனால் கேபிளை மட்டும் இப்போதே 32-க்கு ஏற்ற மாதிரி போட்டுவிடுங்கள், பின்னால் தரையைத் தோண்ட வேண்டாம்.

அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கு: அங்கே பிளக் வகை என்பது 120 வோல்ட், 15 அல்லது 20 ஆம்ப்ஸ். தனி லைன் வகை பெரும்பாலும் 240 வோல்ட், 50 ஆம்ப்ஸ். இரண்டிலும் ஓடும் தொட்டி என்று சொல்லி விற்பதில் ஒரு விஷயம் கவனியுங்கள். அதே ஹீட்டருக்கு வோல்டேஜ் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்பங்காகிவிடும். 240-ல் 4 கிலோவாட் தருவது 120-ல் 1 கிலோவாட்தான் தரும். மேலே சொன்ன 18 யூனிட்டுக்கு 18 மணி நேரம் ஆகும்.

கேள்வி: வாஷிங் மெஷின் சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டுத் தொட்டியை ஓட்டலாமா? வாஷிங் மெஷினும் தண்ணீரைச் சூடாக்குகிறதே?

வேண்டாம். வாஷிங் மெஷின் ஹீட்டர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். தொட்டி ஹீட்டர் ஆறேழு மணி நேரம் விடாமல் இழுக்கும். பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே, 13 ஆம்ப்ஸ் போகும்போது 17 வாட் சூடு அந்த ஒரு பின்னின் நுனியில் உட்காரும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் சாக்கெட்டுக்குள் வைத்து மணிக்கணக்கில் எரிய விட்ட மாதிரி.

இப்படி ஓடிய சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். வெளியே தட்டு வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு பின் துளையைச் சுற்றி மட்டும் காப்பி நிறத்தில் ஒரு வளையம். உள்ளே டெர்மினல் ஸ்க்ரூ அரைச்சுற்று லூஸாக இருந்தது. வயரின் மேலுறை விறைத்துப்போய், வளைத்ததும் ஓட்டாக உடைந்து கையில் வந்தது. ஃபியூஸும் போகவில்லை, எம்சிபியும் (லோடு அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழவில்லை. கரண்ட் அளவு கூடவே இல்லையே, அவை ஏன் விழும்?

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே வைத்தால் அந்தச் சுருளும் சூடேறும். நடுவில் ஒரு இணைப்புப் பெட்டி தரையில் ஈரத்தில் கிடக்கும். பிளக் வகைத் தொட்டியாக இருந்தாலும் போர்டிலிருந்து அதற்கென்று தனி லைன், தனி சாக்கெட், வெளியே என்றால் மழைக்கு மூடியுள்ளது, இது கட்டாயம்.

கேள்வி: போர்டிலிருந்து தொட்டி 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. எத்தனை ஸ்கொயர் எம்எம் கேபிள்?

2.5 தாமிரக் கேபிளில் 30 ஆம்ப்ஸ் அனுப்பினால் போக வர 60 மீட்டரில் 13 வோல்ட் விழுந்துவிடும். கேபிளும் அதன் எல்லையைத் தாண்டிச் சூடாகும். 6 போட்டால் ஐந்தரை வோல்ட்தான் விழும், அதாவது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. 32 ஆம்ப்ஸ் தொட்டிக்கு இந்தத் தூரத்தில் 6 என்பது குறைந்தபட்சம். தரைக்கடியில் குழாயில் வேறு கேபிள்களோடு சேர்ந்து போனாலோ, வெயில் படும் சுவரில் போனாலோ 10 போடுங்கள். கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: புது லைனுக்கு 32 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டாயிற்று. ஆர்சிசிபி தேவையில்லை, வீண் தொல்லை என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா?

சரியே இல்லை. இந்த இதழில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படியுங்கள்.

எம்சிபி காப்பாற்றுவது வயரை. 32 ஆம்ப்ஸுக்கு மேல் போனால் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம், அதைத் தடுப்பது அதன் வேலை. மனிதரைக் கொல்ல 32 ஆம்ப்ஸ் வேண்டாம். அதில் ஆயிரத்தில் சில பங்கு போதும். உலர்ந்த தோல் கரண்ட்டை ஓரளவு தடுக்கும். தண்ணீரில் ஊறிய உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு, அதற்குக் கீழேயும், இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்துப் பாருங்கள்: 0.23 ஆம்ப்ஸ். இதயத்தை நிறுத்த அது தாராளம். 32 ஆம்ப்ஸ் எம்சிபிக்கோ அது ஒரு சின்ன பல்பின் லோடு மாதிரிதான் தெரியும். அசையாமல் நிற்கும்.

ஆர்சிசிபி வேறு விதமாக வேலை செய்கிறது. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்ப்ஸ் குறைந்தாலும், அது எங்கோ, ஒருவேளை ஒருவரின் உடம்பு வழியாக, பூமிக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். கசிவு 150 மில்லி ஆம்ப்ஸ் ஆனால் 40 மில்லி செகண்டுக்குள் துண்டிக்க வேண்டும் என்பது அதன் தரநிலை. வட அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் ஜிஎஃப்சிஐ 5 மில்லி ஆம்ப்ஸ் அளவிலேயே விழும்.

வாங்கும்போது 30 மில்லி ஆம்ப்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 100, 300 என்றும் விற்கிறார்கள். அவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காப்பாற்ற அல்ல. டைப் ஏசி வேண்டாம், டைப் ஏ வாங்குங்கள். இப்போதைய தொட்டிகளில் எலக்ட்ரானிக் கண்ட்ரோல் இருப்பதால் கசிவு சுத்தமான ஏசி (மாறுதிசை மின்சாரம்) ஆக இருக்காது, டைப் ஏசி அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். வேகம் மாறும் பம்ப் இருந்தால் தயாரிப்பாளரின் கையேடு எந்த டைப் கேட்கிறது என்று பாருங்கள். வீடு முழுவதற்கும் ஒன்று இருந்தாலும் தொட்டிக்குத் தனியாக ஒன்று போடுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியதும் விழாவிட்டால் மாற்றும்வரை தொட்டியில் யாரும் இறங்கக் கூடாது.

அப்புறம் எர்த். அந்த டெஸ்ட் பட்டன் ஆர்சிசிபியைத்தான் சோதிக்கும், உங்கள் எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. அதைக் கருவி வைத்து அளக்க வேண்டும். தொட்டியில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் இரும்புக் கைப்பிடி, ஏணி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் தடித்த தாமிரக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்கும் கைப்பிடிக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசமே வரக் கூடாது.

உங்கள் எலக்ட்ரீஷியனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் தேவையில்லை என்றால் வேறு ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: தண்ணீர் சூடாகத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்தது. வந்தவர் அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிட்டார். இரண்டு வாரமாக நன்றாக ஓடுகிறது. அப்படியே விடலாமா?

அம்மா, இதைப் படித்ததும் மெயினை அணைத்துவிடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

நன்றாக ஓடவில்லை. கசிவு அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாதனத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கரண்ட் எர்த் வயர் வழியாகப் போகிறது. எர்த் வயர் எங்காவது லூஸானால் தொட்டியின் தண்ணீர் வழியாகப் போகும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதல் சந்தேகம் ஹீட்டர் எலிமென்ட். அது ஒரு உலோகக் குழாய். உள்ளே கம்பிச்சுருள், சுற்றிலும் மக்னீசியம் ஆக்ஸைடு தூள் இறுக்கி அடைத்திருக்கும். அமிலத்தன்மை கூடிய தண்ணீரும் அளவு மீறிய குளோரினும் குழாயை அரித்து ஊசிமுனை அளவு ஓட்டை போட்டுவிடும். தூள் ஈரத்தை இழுக்கும். 230 வோல்ட்டில் 30 மில்லி ஆம்ப்ஸ் கசிய வேண்டுமென்றால் தடை சுமார் 7,700 ஓமுக்கு வந்திருக்க வேண்டும். நல்ல எலிமென்ட்டில் அது மெகாஓம் கணக்கில் இருக்கும்.

தெரிந்தவர் எப்படிப் பார்ப்பார் என்றால், மெயினை அணைத்து, கண்ட்ரோல் போர்டில் ஹீட்டரின் வயர்களைக் கழற்றி, நுனிகளை டேப் சுற்றி மூடிவிட்டு, ஆர்சிசிபி வழியாகவே மறுபடி ஓட விடுவார். விழாவிட்டால் ஹீட்டர்தான். பிறகு மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் எலிமென்ட்டை அளந்து உறுதி செய்வார். அப்போதும் விழுந்தால் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஓசோன் கருவி, பம்ப், விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். இது பெரிய வேலை இல்லை. எலிமென்ட்டை மாற்றலாம், தொட்டியையே மாற்ற வேண்டியதில்லை. வந்தவர் இந்த வேலையைச் செய்யாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

கேள்வி: தொட்டிக்கான சுவிட்சைக் கை நீட்டினால் எட்டும் இடத்தில் வைக்கலாமா?

கூடாது. தண்ணீரில் இருப்பவர் கைக்கு எந்தச் சுவிட்சும் எட்டக் கூடாது. பல நாடுகள் பின்பற்றும் ஐஇசி (சர்வதேச மின் தரநிலை அமைப்பு) விதியில் தொட்டி விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை முதல் வளையம், அதற்கு மேல் ஒன்றரை மீட்டர் இரண்டாவது வளையம். முதல் வளையத்துக்குள் சாதாரண சாக்கெட்டோ சுவிட்சோ வரக் கூடாது. அமெரிக்க விதியில் ஐசோலேட்டர் (தொட்டிக்கான கரண்ட்டை முழுவதும் துண்டிக்கும் சுவிட்ச்) குறைந்தது 5 அடி தள்ளி இருக்க வேண்டும், ஆனால் தொட்டியிலிருந்து பார்த்தால் கண்ணில் பட வேண்டும். இரண்டாவது நிபந்தனை முக்கியம். யாருக்காவது ஏதாவது ஆனால் பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய் அணைக்க முடிய வேண்டும். அந்த ஐசோலேட்டரின் பெட்டி தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 தரத்தில் இருக்க வேண்டும், கேபிள் கீழ்ப்பக்கமாக கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடி) வழியாக நுழைய வேண்டும். மேல்பக்கம் துளை போட்டால் மழைநீர் கேபிளோடு உள்ளே வரும்.

கேள்வி: மழை பெய்யும்போது தொட்டியில் உட்காரலாமா?

வெறும் மழை என்றால், மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால், உட்காரலாம். இடி கேட்டால் உடனே எழுந்து வீட்டுக்குள் போய்விடுங்கள். ஆர்சிசிபி மின்னலைத் தடுக்காது. தொட்டியின் கண்ட்ரோல் போர்டைக் காப்பாற்ற மெயின் போர்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் கருவி) வைக்கலாம், அது சாதனத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்து இறங்குங்கள்.