காலநிலைக் கொள்கை முடிவுகளை எதை வைத்து மதிப்பிடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: காலநிலை மாற்றத்துக்காக அரசு ஒரு திட்டம் போட்டால், அது சரியான முடிவா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். வீட்டில் மானாவாரி விவசாயம், நான் சில வருஷம் ஏரி, குட்டை வேலைகளில் இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதிகம் புழங்குவது செலவு–பலன் கணக்கு. இன்று போடும் பணத்தையும் நாளைக்குத் தவிர்க்கப்படும் நட்டத்தையும் ரூபாயாக்கி ஒப்பிடுவார்கள். அப்படி ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது தள்ளுபடி விகிதத்தைத்தான்; அதாவது வருங்கால ரூபாயை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வருஷா வருஷம் கழிக்கும் சதவீதம். 50 வருஷம் கழித்து வரப்போகும் 100 ரூபாய் நட்டத்தை வருஷத்துக்கு 1.4 சதவீதம் வீதம் கழித்தால் இன்றைய மதிப்பு சுமார் 50 ரூபாய். அதுவே 5 சதவீதம் என்றால் 9 ரூபாய்கூடத் தேறாது. 2006இல் பிரிட்டன் அரசுக்காகப் பொருளாதார வல்லுநர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் தந்த அறிக்கை ஏறக்குறைய 1.4ஐ எடுத்தது, உடனடியாகப் பெரிய அளவில் செலவிட வேண்டும் என்றது. 2018இல் பொருளாதார நோபல் பெற்ற வில்லியம் நார்ட்ஹவுஸ் இன்னும் உயர்ந்த விகிதம் வைத்தார்; செலவைப் படிப்படியாகக் கூட்டினால் போதும் என்று வந்தது. பேரன் பேத்தி படப்போகும் பாட்டுக்கு இன்று என்ன விலை என்பதுதான் அந்த ஒற்றை எண். அதைப் பொருளாதார வல்லுநர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது.

சரி, மழை எப்படிப் பெய்யும் என்றே தெரியாதபோது? எந்த மாதிரி வருஷம் வந்தாலும் பெரிதாக அடிவாங்காத வழியைத் தேடும் முறை ஒன்று உண்டு. என் அம்மா ராகி விதைக்கும்போது ஆறு சாலுக்கு ஒரு சால் அவரை, துவரை விடுவார். வரப்போரம் ஆமணக்கு. நல்ல மழை வருஷத்தில் தனி ராகி போட்டவருக்குக் கூடுதலாக மூட்டை விழும். மழை பாதியில் நின்ற வருஷம் ராகி காய்ந்தாலும் துவரை நின்று காய்க்கும். எனக்கு இந்த முறைதான் மனசுக்கு நெருக்கம்.

அப்புறம் பல அளவுகோல் முறை. பணமாக மாற்ற முடியாதவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். எங்கள் ஊரில் எந்த ஏரி, குட்டையை முதலில் தூர்வாருவது என்று அப்படித்தான் பட்டியல் போட்டோம். பாசன ஏக்கர், வண்டல் அளவு, செலவு என்று மூன்று கட்டம். ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "என் ஆடுங்க தண்ணி குடிக்கிறது எந்தக் கட்டத்துல வருது?" எதிலும் வரவில்லை. பேனாவால் நான்காவது கோடு போட்டோம். ஒரு ஏக்கர் பாசனமும் இல்லாமல் கடைசியில் கிடந்த மேட்டுக்குட்டை இரண்டாவது இடத்துக்கு வந்தது.